150 லிட்டர் பவளத்தொட்டியிலிருந்து 450 லிட்டருக்கு மாறுதல்: காரத்தன்மை, மணல், வெப்பம்

நெய்தல் (சிங்கப்பூர்):

வணக்கம். அடுக்குமாடி வீட்டில் சில ஆண்டுகளாக இரண்டடி நீளப் பவளத்தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) உட்பட அதில் ஏறத்தாழ 150 லிட்டர் நீர் இருக்கிறது. மோண்டிபோராத் தட்டுகள் ஒன்றையொன்று நிழலில் தள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. அக்ரோபோராக் கிளைகள் கண்ணாடியைத் தொடுகின்றன. யூஃபிலியா இரவில் நீட்டும் கொட்டும் இழைகள் பக்கத்துப் பவளங்களைச் சுட்டுவிடுகின்றன. ஆகவே 120 × 60 × 60 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற முடிவு செய்திருக்கிறேன். சம்பைக் கூட்டி, பாறைகள் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 450 லிட்டர் நீர் நிற்கும்.

இப்போதைய அளவுகள்: உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, காரத்தன்மை 7.8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420, மக்னீசியம் 1320, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பவளங்கள் நாளொன்றுக்கு 1.2 டிகேஎச் காரத்தன்மையை எடுத்துக்கொள்கின்றன. அதை டோசிங் பம்ப் (கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் கருவி) ஈடுசெய்கிறது. மீன்கள் குறைவு: ஓர் இணைக் கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் கோபியும் மட்டுமே.

எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. தொட்டி மூன்று மடங்கு பெரிதாகும்போது டோசிங் அளவையும் மூன்று மடங்காக்க வேண்டுமா? பழைய மணலைப் பயன்படுத்தலாமா? மின்விசிறியை மட்டும் நம்பியிருந்த நான் இனிச் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கியே ஆக வேண்டுமா?

உப்பங்கழி (பினாங்கு):

முதல் ஐயத்திற்கு மட்டும் இப்போது விடை சொல்கிறேன், ஏனெனில் பவளங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பலியாகின்றன. டோசிங் அளவை மூன்று மடங்காக்காதீர்கள். ஒரு மில்லிலிட்டர்கூடக் கூட்ட வேண்டாம்.

காரத்தன்மையைத் தின்பது நீரன்று, பவளம். உங்கள் பவளங்கள் 150 லிட்டரில் 1.2 டிகேஎச் எடுக்கின்றன என்றால் பெருக்கத் தொகை 180. அதே பவளங்கள் 450 லிட்டரில் இருந்தால் நாளொன்றுக்கு 0.4 டிகேஎச் மட்டுமே குறையும்; 450-ஐ 0.4-ஆல் பெருக்கினாலும் அதே 180 தான். 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் ஆப்பசோடா தேவை. அந்தக் கணக்கில் உங்கள் பவளங்களுக்கு நாளொன்றுக்கு 5.4 கிராம் வேண்டும். தொட்டி எவ்வளவு பெரிதானாலும், பவளத் திசு பெருகும்வரை இந்த 5.4 கிராம் மாறாது. மூன்று மடங்காக்கினால் ஒவ்வொரு நாளும் 0.8 டிகேஎச் மிகுந்து தேங்கும். ஒரு வாரத்தில் 5 டிகேஎச்சுக்கு மேல் ஏறிவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைந்த நீரில் காரத்தன்மை அப்படி ஏறினால் அக்ரோபோராவின் கிளை நுனிகள் கருகும்.

கால்சியத்திற்கும் இது பொருந்தும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது ஒவ்வொரு 2.8 டிகேஎச் காரத்தன்மையோடும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுக்கிறது. இந்த விகிதம் வேதியியலால் நிலையானது. ஆகவே இரண்டில் ஒன்று மட்டும் விலகிச் சென்றால் பவளத்தைக் குறை சொல்வதற்கு முன் சோதனைக் கருவியையும் கரைசலையும் ஐயப்படுங்கள்.

புதிதாகக் கரைக்கும் 300 லிட்டர் உப்புநீரின் காரத்தன்மை என்ன? விரைவான வளர்ச்சிக்கென்று விற்கப்படும் சில உப்புகள் 11 டிகேஎச் தருகின்றன. 7.8 உள்ள 150 லிட்டரோடு 11 உள்ள 300 லிட்டரைக் கலந்தால் 9.9 ஆகிவிடும். ஒரே மாலையில் 2 டிகேஎச் தாண்டுவதை அக்ரோபோரா தாங்காது. இயற்கைக் கடல்நீரில் காரத்தன்மை 7-ஐ ஒட்டியே இருக்கிறது. அதற்கு நெருக்கமான உப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்கூட்டியே ஒரு வாளியில் கரைத்து, ஒரு நாள் சுழலவிட்டு அளந்து பாருங்கள்.

வெண்சங்கு (சிங்கப்பூர்):

உப்பங்கழி சொன்ன கணக்கைப் புதியவர்கள் அனைவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த 300 லிட்டரைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர்க் குழாய் நீரில் குளோரின் மட்டுமன்று, குளோராமைன் இருக்கிறது. திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோராமைன் பறக்காது. சாதாரணக் கார்பன் வடிப்பான் அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சுகிறது. ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வு அந்த அம்மோனியாவை முழுமையாகப் பிடிப்பதில்லை. அயனிகளை நீக்கும் டிஐ பிசின்தான் கடைசிக் காவல். ஒரே மூச்சில் 300 லிட்டர் வடிப்பதற்கு முன் கார்பனையும் பிசினையும் புதிதாக மாற்றிவிடுங்கள், டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்) அளவி 0 காட்டுகிறதா என்றும் பாருங்கள். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ நீரில் சரிபார்த்தால் போதாது. ஆயிரத்துக்கு 35 உள்ள தரக்கரைசலில் சரிபாருங்கள். சுழியத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் விலகி நிற்கலாம்.

மணலைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பழைய மணலைக் கொண்டு செல்லாதீர்கள். சில ஆண்டுகள் கிளறப்படாத மணலின் அடியில் உயிர்வளி இல்லாத அடுக்கு உருவாகியிருக்கும். அங்கே ஹைட்ரஜன் சல்பைடும், அழுகிய உணவும், பாஸ்பேட்டும் தங்கியிருக்கும். அள்ளும்போது அவை அத்தனையும் நீரில் கலந்தால், பாறையிலுள்ள பாக்டீரியாவால் அந்தச் சுமையை ஒரே நாளில் தாங்க முடியாது.

கரைவலை (சென்னை):

வெண்சங்கு அக்கா அவர்களுடன் இதில் மட்டும் மாறுபடுகிறேன். மணலை அப்படியே அள்ளிப் போடுவது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் கடல்நீரில் பலமுறை அலசி, நீர் தெளிந்த பிறகு பயன்படுத்தினால் அதே மணல் நன்மையே செய்கிறது. மணல் துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அலசுவதால் போய்விடுவதில்லை, போவது அழுக்குத்தான். முற்றிலும் புதிய மணல் என்பது உயிரற்ற வெற்று மேற்பரப்பு. அந்த வெற்றிடத்தில் முதலில் டயாட்டம் என்னும் பழுப்பு நுண்பாசி குடியேறும், அதன் பின் வருவது நம் விருப்பப்படி அமையாது.

உப்பங்கழி (பினாங்கு):

இருவரும் சொல்வது உண்மையே. ஆனால் இந்தத் தொட்டியில் மணல் துணைப் பாத்திரம்தான். வடிகட்டியாக வேலை செய்வது பாறை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் உயிர்ப்பாறையையும் (பாக்டீரியா குடியிருக்கும் கடற்பாறை) காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்த்த முறையை 1961-இலேயே எழுதினார். பிற்பாடு பெர்லின் நகர ஆர்வலர்கள் அதனோடு ஸ்கிம்மரை (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) இணைத்தார்கள். இன்று நாம் வீட்டில் வைத்திருக்கும் அமைப்பு அந்த வழியில் வந்ததுதான். பாறையின் வெளிப்புறத்தில் அம்மோனியா நைட்ரேட்டாகிறது. உயிர்வளி எட்டாத உட்துளைகளில் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது. பழைய பாறைகள் அனைத்தும் ஈரம் காயாமல் புதிய தொட்டிக்குப் போனால் பாக்டீரியாவில் பெரும்பகுதியும் போய்விடுகிறது. எனவே மணலில் ஒரு பகுதியை அலசிச் சேர்க்கலாம், மிச்சத்தைப் புதிதாகப் போடலாம். இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நெய்தல் (சிங்கப்பூர்):

அனைவருக்கும் நன்றி. டோசிங் அளவை மாற்றப் போவதில்லை. ஏறத்தாழ 8 டிகேஎச் தரும் உப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மணலில் மூன்றில் ஒரு பங்கை அலசிச் சேர்க்கிறேன்.

பாறைகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பாறைகளில் சோவாந்தஸும் பாலித்தோவாவும் (எலும்புக்கூடற்ற, படர்ந்து வளரும் பவள உறவினங்கள்) படர்ந்து மற்றப் பவளங்களை மூடிவிட்டன. அவற்றை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் பாறை சுத்தமாகும் என்று கடையில் ஒருவர் சொன்னார்.

வெண்சங்கு (சிங்கப்பூர்):

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதைப் படிக்கும் எவரும் செய்யாதீர்கள். பாலித்தோவாவிலும் சில சோவாந்தஸ் இனங்களிலும் பாலிடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. கடலில் கிடைக்கும் நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றுள் அது ஒன்று. கொதிக்க வைத்தாலும், வெந்நீர் ஊற்றினாலும், பிரஷ் கொண்டு வேகமாகத் தேய்த்தாலும் அது நீராவியோடும் நுண்திவலைகளோடும் வீட்டுக் காற்றில் கலக்கிறது. மூடிய அறையில் குடும்பம் முழுவதும், வளர்ப்பு நாயும் உட்பட, காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கொதிநீர் இந்த நஞ்சை எளிதில் அழிப்பதில்லை.

அந்த இரண்டு பாறைகளையும் புதிய தொட்டிக்குக் கொண்டு செல்லாமல் விட்டுவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, நீருக்குள்ளேயே வைத்துத் தனி வாளிக்கு மாற்றுங்கள். கையில் காயமிருந்தால் அந்த வேலையை வேறு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். பாறையை இழந்தாலும் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

முத்துநகர் (தூத்துக்குடி):

வெப்பம் குறித்த கேள்விக்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை. நான் தொட்டி வளர்ப்பவன் அல்லேன். மன்னார் வளைகுடாவில் நீரில் மூழ்கிப் பவளத்திட்டுகளைப் பார்க்கும் வேலையில் இருப்பவன். 2010-இலும் 2016-இலும் இங்கே கோடையில் பவளங்கள் வெளுத்ததைப் பார்த்திருக்கிறேன். நிறைய அக்ரோபோராவும் மோண்டிபோராவும் முதலில் வெளுத்தன. பாறை போல் உருண்ட போரைட்டிஸ் நெடுநாள் தாக்குப்பிடித்தது. உங்கள் தொட்டியிலும் இதே வரிசையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 பாகை கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே வெளுப்பு தொடங்கிவிடும். பவளத்தின் திசுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு உணவில் பெரும்பங்கைத் தருகிறது. வெப்பமும் ஒளியும் ஒருசேர மிகும்போது அந்த நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை நிலைகுலைந்து, தீங்கான உயிர்வளிச் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் அந்த நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெளுத்த பவளம் அப்போதே செத்துவிடுவதில்லை, பட்டினியில் இருக்கிறது. வெப்பம் இறங்கினால் மீளும். வெப்பம் மட்டுமன்று, ஒளியும் காரணம் என்பதைப் புதிய விளக்கு பொருத்தும்போது மறந்துவிடாதீர்கள்.

நெய்தல் (சிங்கப்பூர்):

முத்துநகர் ஐயா, மிக்க நன்றி. பகலில் அறை வெப்பம் 30 முதல் 31 பாகை. பம்புகளும் விளக்கும் சேர்ந்தால் தொட்டி 32-ஐத் தாண்டும். இதுவரை விசிறி அதை 28-க்குக் கீழே வைத்திருந்தது.

உப்பங்கழி (பினாங்கு):

விசிறி குளிர்விப்பது ஆவியாதலால். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 28 வாட் வெப்பம் வெளியேறுகிறது. உங்கள் புதிய பம்புகளும் விளக்கும் 250 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், அதில் பெரும்பகுதி நீரில்தான் முடியும். அத்தனையையும் விசிறியால் மட்டும் நீக்க நாளுக்கு எட்டு, ஒன்பது லிட்டர் ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊர்களில் மழைக்காலத்தில் அது நடக்காது. நடந்தாலும் சுவரில் பூஞ்சை பிடிக்கும். இந்த அளவுத் தொட்டிக்குச் சில்லர் வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் விசிறியைக் கழற்றி வீசிவிடாதீர்கள். சில்லரை 26.5-இலும், விசிறியைத் தனிக் கட்டுப்படுத்தியில் 28-இலும் வையுங்கள். சில்லர் நின்றுபோகும் நாளில் விசிறி தானாக ஓடத் தொடங்கும். சில்லரை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அது வெளியே தள்ள வேண்டும். அடைத்த இடத்தில் அந்தச் சூடான காற்றையே மறுபடி இழுக்கும்.

வெண்சங்கு (சிங்கப்பூர்):

சன்னலை மூடிக் குளிர்சாதனம் போட்டு வெப்பத்தைச் சமாளிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மூடிய அறையில் மனிதர் மூச்சால் கரியமில வாயு ஏறும். தொட்டியின் பிஎச் 8.2-இலிருந்து 7.8-க்கு இறங்கிவிடும். அப்போது காரத்தன்மை குறைவென்று எண்ணி ஆப்பசோடா போடுபவர்கள் பலர். அது வேறு, இது வேறு. ஸ்கிம்மரின் காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாலே பிஎச் ஏறிவிடும்.

எடையையும் பாருங்கள். நீர், கண்ணாடி, பாறை, நிலைச்சட்டம் எல்லாம் சேர்ந்து 600 கிலோவுக்குக் குறையாது. அது நிற்கும் பரப்பு முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பரவிய சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. சுவரோரமாக, உத்தரத்தின் மேல் நீளவாக்கில் வைப்பது ஒன்று. அறை நடுவில் வைப்பது வேறொன்று. கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கரைவலை (சென்னை):

இந்த உரையாடலைத் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. சிங்கப்பூரில் உரிய அனுமதியோடு இறக்குமதியான கடினப் பவளங்களை வளர்க்கலாம். இங்கே நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடினப் பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் அவ்வாறே. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. உயிர்ப்பாறை என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் இறந்த கடினப் பவளத்தின் எலும்புக்கூடுதான். ஆகவே அதையும் தொடாதீர்கள். நான் பீங்கான் பாறைகளை வைத்து, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களை வளர்க்கிறேன். அந்த மீன்களைப் பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிவிட்டது.

முத்துநகர் (தூத்துக்குடி):

கரைவலை எழுதியதற்கு நன்றி. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் படகு படகாக வெட்டி எடுத்த காலம் இருந்தது. அதனால் கரை அரிக்கப்பட்டுச் சில தீவுகள் நீருக்குள் போயின. சட்டம் கடுமையாக இருப்பதற்கு இங்கே காரணம் இருக்கிறது. தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் சிறு துண்டிலிருந்து வளர்த்துத் தமக்குள் பகிர்ந்துகொள்வதை நான் மனமார வரவேற்கிறேன். அப்படிப் பகிரும் ஒவ்வொரு துண்டுக்கும் கடலில் ஒன்று வெட்டப்படாமல் இருக்கிறது.

நெய்தல் (சிங்கப்பூர்):

மாற்றம் முடிந்தது. பாறைகள் நீரில் மூழ்கியபடியே வந்தன. மீன்களும் பவளங்களும் நலம். காரத்தன்மை 7.9-இல் நிற்கிறது, டோசிங் அளவைத் தொடவில்லை. விளக்கைப் பழைய ஒளி அளவுக்கு ஒப்பாகப் பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி) அளவியால் அளந்து, அதற்கும் சற்றுக் கீழே தொடங்கி, வாரந்தோறும் சிறிது உயர்த்தி வருகிறேன்.

ஆனால் இப்போது மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளி போன்ற படலம் படர்கிறது. பகலில் குமிழிகளோடு இழை இழையாகத் தொங்குகிறது, இரவில் குறைகிறது. நத்தைகள் சில அசைவற்றுக் கிடக்கின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் காட்டுகின்றன. நீர் இவ்வளவு தூய்மையாக இருக்கும்போது இது ஏன் வருகிறது?

உப்பங்கழி (பினாங்கு):

நீர் அவ்வளவு தூய்மையாக இருப்பதால்தான் வருகிறது. கணக்கைப் பாருங்கள்: உங்கள் 8 பிபிஎம் நைட்ரேட் 300 லிட்டர் புதுநீரில் கலந்தபோதே 2.7 ஆகிவிட்டது, 0.06 பாஸ்பேட் 0.02 ஆனது. எஞ்சிய பாஸ்பேட்டைப் புதிய அரகோனைட் (சுண்ணக) மணல் தன் மேற்பரப்பில் ஈர்த்துக்கொண்டது. மூன்று சிறு மீன்கள் போடும் கழிவு 450 லிட்டருக்குப் போதவில்லை. பெரிய ஸ்கிம்மர் அதையும் வெளியேற்றிவிடுகிறது. மற்றப் பாசிகளும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கும்போது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒரு செல் உயிரி தலைதூக்குகிறது. நத்தைகள் சோர்வதும் அதையே காட்டுகிறது, ஏனெனில் டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் சில இனங்கள் நஞ்சைச் சுரக்கின்றன.

நீர் மாற்றுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். இந்த நிலையில் அது இருக்கும் சிறிது சத்தையும் நீர்த்துப்போகச் செய்யும். மீன்களுக்கு உணவைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரை நாளில் பாதி நேரம் நிறுத்துங்கள், சோடியம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிறிது சிறிதாகச் சேர்த்து நைட்ரேட்டை 5-க்கும் பாஸ்பேட்டை 0.05-க்கும் மேலே கொண்டுவாருங்கள். மணல் பாஸ்பேட்டை முதலில் குடித்துக்கொண்டே இருக்கும். எண் ஏறவில்லையே என்று அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றாதீர்கள்.

வெண்சங்கு (சிங்கப்பூர்):

காரத்தன்மையை 8-க்கு மேல் போகவிடாதீர்கள். சத்துக் குறைந்த நீரில் அக்ரோபோரா அதைப் பொறுக்காது. மணலில் படிந்திருப்பதைச் சிறு குழாயால் உறிஞ்சி, நுண்பையில் வடித்து, நீரைத் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள். புறஊதா விளக்கு வாங்க எண்ணினால் பொறுங்கள். இரவில் நீரில் மிதக்கும் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் டைனோஃபிளாஜெல்லேட் என்றால் அது பயன்படும். மணலை விட்டு எழாத ஆம்ஃபிடினியம் என்றால் பயன்படாது. நுண்ணோக்கியில் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

அதற்கு முன் எளிய சோதனை ஒன்று செய்யுங்கள். படலத்தில் சிறிதைத் தொட்டி நீரோடு குப்பியில் அள்ளி, இழைகள் முற்றிலும் கலையும்வரை குலுக்கி, காபி வடிதாளில் வடியுங்கள். வடிந்த தெளிநீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். அதில் மறுபடி இழைகள் சேர்ந்து கட்டியானால் அது டைனோஃபிளாஜெல்லேட்தான். தெளிவாகவே இருந்தால் டயாட்டமாகவோ சயனோபாக்டீரியாவாகவோ இருக்கலாம். அப்போது வேறு வழி பார்ப்போம். முடிவையும் இன்றைய பாஸ்பேட் அளவையும் இங்கே பதியுங்கள்.

நெய்தல் (சிங்கப்பூர்):

வடித்த நீரில் அரை மணி நேரத்திலேயே இழைகள் சேர்ந்துவிட்டன. பாஸ்பேட் 0.00. ஸ்கிம்மரை நிறுத்திவிட்டேன், சோடியம் நைட்ரேட் கரைசல் தயாராகிறது. நுண்ணோக்கி ஒன்றை நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் படத்தை இணைக்கிறேன்.